படிகப் பரப்பின் படிகள் ஒன்றையொன்று தள்ளும் விசை: அளக்கத் தொடங்குவோர்க்கு ஒரு வழிகாட்டி

படிகத்தை எவ்வளவு கவனமாக வெட்டி மெருகேற்றினாலும், அதன் பரப்பு அணுத் தளத்துக்கு மிகச் சரியாக இணையாக அமைவதில்லை. கால் பாகையோ அரைப் பாகையோ சாய்வு எப்படியும் தங்கிவிடும். அந்தச் சாய்வைப் படிகம் வழவழப்பான சரிவாக வைத்துக்கொள்ளாமல், அகன்ற தட்டைத் தளங்களாகவும், அவற்றுக்கு நடுவே ஓரணு உயரமுள்ள படிகளாகவும் பிரித்துக்கொள்கிறது. இப்படிகள் பல நானோமீட்டர் தொலைவில் இருக்கும்போதே ஒன்றின் இருப்பை மற்றொன்று உணர்கிறது. அந்த உணர்வின் ஒரு பகுதி படிகத்தின் மீட்சித் தன்மை வழியாகக் கடத்தப்படுகிறது. அதை எவ்வாறு கணக்கிடுவது, எவ்வாறு அளப்பது, அளந்த எண்ணை எவ்வளவு நம்புவது என்பவற்றை, டர்பனிலும் பீட்டர்மாரிட்ஸ்பர்கிலும் இயற்பியலோ பொருளறிவியலோ இறுதியாண்டில் படிக்கும் தமிழ் மாணவர்களை மனத்தில் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. அடிப்படைப் புள்ளியியலும், யங் குணகம், பாய்சான் விகிதம் ஆகியவை என்ன என்ற அளவிலான மீட்சியியல் அறிவும், ஒரு மடிக்கணினியும் இருந்தால் போதும்.

இத்துறை தென்னாப்பிரிக்காவுக்குப் புதியதன்று. ஒரு படிகத்தின்மீது வேறொரு படிகம் படலமாக வளரும்போது அணு இடைவெளிகள் பொருந்தாமல் எழும் திரிபைக் குறித்த அடிப்படைக் கோட்பாட்டை 1949-இல் பிராங்குடன் இணைந்து வெளியிட்ட யான் வான் டெர் மெர்வே இந்நாட்டவர். பிரிட்டோரியாவில் பேராசிரியராக விளங்கியவர். அடுக்கடுக்காகப் படலம் வளரும் முறை இன்றும் பிராங்க்–வான் டெர் மெர்வே முறை என்றே வழங்குகிறது. படிகளைக் கண்ணால் காண விரும்புவோர், வைரத்தின் எண்முக முகங்களில் தென்படும் முக்கோணக் குழிகளைச் சாதாரண ஒளி நுண்ணோக்கியில் பார்க்கலாம். கிம்பர்லி வைரங்களிலும் அவை உண்டு. ஆனால் அவற்றின் விளிம்புகள் பெரும்பாலும் பல அணு உயரமுள்ளவை, அரிப்பினால் உண்டானவை. ஆதலால் அவை பார்ப்பதற்கு நல்லவையே தவிர, இங்கே விவரிக்கும் அளவீட்டுக்கு உதவமாட்டா.

முதற்கட்டம்: இரண்டு காரணங்களைப் பிரித்தறிதல்

புதிதாக வருபவர்கள் அவசரப்பட்டுக் கடந்துவிடும் கட்டம் இதுவே. படிகள் விலகி நிற்கின்றன என்று கண்டவுடன் மீட்சி விசைதான் காரணம் என்று எழுதிவிடுகிறார்கள். உண்மையில், எந்த விசையுமே இல்லாதபோதும் படிகள் விலகி நிற்கும்.

வெப்பத்தால் ஒவ்வொரு படியிலும் முடக்குகள், அதாவது படியின் விளிம்பு பக்கவாட்டில் ஒடியும் இடங்கள், தோன்றுகின்றன. படி நேர்கோடாக இல்லாமல் நெளிகிறது. ஒரு படி மற்றொரு படியைக் குறுக்கே கடக்க முடியாது, ஏனெனில் கடந்தால் பரப்பு தன்மேல் தானே தொங்க வேண்டியிருக்கும். இந்தத் தடை ஒன்றே போதும்: நெருங்கி நிற்கும் படிக்கு நெளிய இடம் குறைகிறது, அது கொள்ளக்கூடிய வடிவங்களின் எண்ணிக்கை குறைகிறது, என்ட்ரோப்பி குறைகிறது. தைப்பூச ஊர்வலத்தில் காவடி எடுத்து ஆடுபவர்கள் ஒருவரையொருவர் தள்ளாமலேயே ஆட்டத்தின் வீச்சுக்கேற்ப இடைவெளி விட்டுக்கொள்வதைப் போன்றது இது. இந்த விலக்கத்தைக் குரூபரும் மல்லின்ஸும் 1967-இல் கணக்கிட்டனர். அதன் ஆற்றல் சராசரி இடைவெளியின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது.

மீட்சி விசை வேறு வழியில் பிறக்கிறது. பரப்பிலுள்ள அணுக்களுக்கு ஒரு பக்கம் அண்டை அணுக்கள் இல்லாததால், பரப்பு தன்னுள் இழுவிசையோ அமுக்கமோ கொண்டிருக்கிறது. இதுவே பரப்புத் தகைவு. திடப்பொருளில் இது பரப்பு ஆற்றலுக்குச் சமமாக இருக்க வேண்டியதில்லை என்பதை 1950-இல் ஷட்டில்வொர்த் காட்டினார். ஒரு படியில் மேல்தளத்தின் தகைவும் கீழ்த்தளத்தின் தகைவும் எதிரெதிராக இழுக்கின்றன. ஆனால் அவை ஒரே கோட்டில் இல்லை, ஒரு படியின் உயரம் அளவுக்கு விலகியிருக்கின்றன. இதனால் திருப்புத்திறன் ஒன்று எழுகிறது. கூடவே, படியோரத்து அணுக்கள் தம் இடத்திலிருந்து சற்று நகர்வதால் கிடைத்திசையிலும் ஓர் இணை விசை உண்டாகிறது. இரண்டிலும் நிகர விசை சுழிதான். எனவே படிகத்தின் உள்ளே இருந்து பார்த்தால் படி என்பது ஒரு விசை இருமுனைக் கோடு, அதாவது ஒன்றையொன்று ஈடுசெய்யும் எதிரெதிர் விசைகள் வரிசையாக நிற்கும் கோடு. இருமுனைக் கோட்டின் திரிபு தொலைவின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் தேய்கிறது. அத்திரிபில் அமர்ந்திருக்கும் அடுத்த படியின் ஆற்றலும் அவ்வாறே தேய்கிறது. இம்முடிவை 1980-இல் மார்ச்சென்கோவும் பார்ஷினும் வெளியிட்டனர். ஒரே திசையில் இறங்கும் இரு படிகள் இவ்வழியில் எப்போதும் ஒன்றையொன்று தள்ளும். ஒன்று ஏறி ஒன்று இறங்கும் இணையாக இருந்தால் திருப்புத்திறனின் பங்கு குறி மாறுவதால், தள்ளலாம், இழுக்கவும் செய்யலாம்.

ஆக, இரண்டு காரணங்களும் ஒரே தேய்வு விதியைப் பின்பற்றுகின்றன. தொலைவைப் பொறுத்த வரைபடம் வரைந்து இவற்றைப் பிரிக்க முடியாது. இத்துறையின் வசதியும் சிக்கலும் இதுதான். பின்வரும் கட்டங்கள் எல்லாம் இந்தச் சிக்கலை அவிழ்ப்பதற்காகவே.

காகிதத்தில் ஒரு மதிப்பீடு

கருவியைத் தொடுவதற்கு முன், எதிர்பார்க்க வேண்டிய எண்ணின் அளவை அறிந்துகொள்ள வேண்டும். எத்திசையிலும் ஒரே தன்மையுள்ள ஊடகம் என்று கொண்டால், இரு படிகளுக்கு இடையிலான ஆற்றல், ஒரு மீட்டர் படி நீளத்துக்கு, இடைவினை வலிமையைத் தொலைவின் வர்க்கத்தால் வகுத்ததற்குச் சமம். அந்த வலிமையைப் பெற, பாய்சான் விகிதத்தின் வர்க்கத்தை ஒன்றிலிருந்து கழித்து, இரண்டால் பெருக்கி, இருமுனை வலிமையின் வர்க்கத்தாலும் பெருக்கி, பை மற்றும் யங் குணகம் ஆகியவற்றின் பெருக்கற்பலனால் வகுக்க வேண்டும். திருப்புத்திறனைப் பொறுத்தவரை இருமுனை வலிமை என்பது பரப்புத் தகைவைப் படியின் உயரத்தால் பெருக்கியது.

சிலிக்கானை ஒத்த எண்களைப் போட்டுப் பார்ப்போம். யங் குணகம் 160 ஜிகாபாஸ்கல், பாய்சான் விகிதம் 0.26, படியின் உயரம் 0.314 நானோமீட்டர், பரப்புத் தகைவு மீட்டருக்கு 1 நியூட்டன் என்று கொண்டால், திருப்புத்திறனின் பங்கு மட்டும் ஏறத்தாழ 0.023 எலக்ட்ரான் வோல்ட்-ஆங்ஸ்ட்ராம் வலிமையைத் தருகிறது. தகைவு 3 நியூட்டன் என்றால், வர்க்கம் என்பதால் அது ஒன்பது மடங்காகி 0.2-ஐ எட்டும். கிடைத்திசை இருமுனையை இக்கணக்கில் சேர்க்கவில்லை; அதை அணு அளவிலான கணிப்பின்றி அறிய இயலாது. ஒரே திசையில் இறங்கும் படிகளுக்கு அதன் பங்கு கூடுமே தவிரக் கழியாது என்பதால், இந்த மதிப்பீட்டைக் கீழ்வரம்பாகவே கொள்ள வேண்டும். அளவீட்டில் இதைவிடச் சில மடங்கு பெரிய எண் வந்தால் திகைக்க வேண்டியதில்லை. ஆயிரம் மடங்கு வந்தால் அலகுகளைச் சரிபார்க்க வேண்டும்.

இரண்டாம் கட்டம்: முதலில் கணினியில்

ஆய்வகத்தில் நேரம் கிடைக்கும்வரை காத்திருக்காமல், சமவாய்ப்பு எண்களைக் கொண்டு இயங்கும் மாண்டி கார்லோ போலியாக்கம் ஒன்றை எழுதிப் பார்ப்பதே என் பரிந்துரை. செலவு இல்லை, விடை தெரிந்த கணக்கில் கையைப் பழக்கிக்கொள்ளலாம்.

சதுரக் கட்டங்களாலான வலை ஒன்றில் இருபது படிகளை நிறுத்துங்கள். ஒவ்வொரு படியும் நீளத்திசையில் ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு முழு எண் நிலையைக் கொண்டது. அடுத்தடுத்த இடங்களில் நிலை மாறும் ஒவ்வோர் அலகுக்கும் ஒரு முடக்கு ஆற்றல் செலவாகும். ஏதேனும் ஒரு படியில் ஏதேனும் ஓரிடத்தைத் தேர்ந்து, ஓர் அலகு இடமோ வலமோ நகர்த்துங்கள். அண்டைப் படியின் இடத்தில் ஏறினாலோ கடந்தாலோ நகர்வை மறுத்துவிடுங்கள். இல்லையெனில், முடக்கு ஆற்றலின் மாற்றத்தையும் தொலைவின் வர்க்க எதிர்விகித ஆற்றலின் மாற்றத்தையும் கூட்டி, மெட்ரோபோலிஸ் விதிப்படி (ஆற்றல் குறைந்தால் ஏற்பது, கூடினால் வெப்பநிலைக்கேற்ற நிகழ்தகவோடு மட்டும் ஏற்பது) ஏற்கவோ மறுக்கவோ செய்யுங்கள். இரு திசையிலும் எல்லைகள் சுழற்சி முறையில் இணைந்திருக்க வேண்டும்.

வெப்ப ஆற்றலை (போல்ட்ஸ்மான் மாறிலியை வெப்பநிலையால் பெருக்கியதை) முடக்கு ஆற்றலில் பாதியாக வைத்தால், படியின் விறைப்பு, அதாவது படி வளைவதற்குக் காட்டும் எதிர்ப்பு, ஒரு கட்ட அலகுக்கு வெப்ப ஆற்றலைப்போல் 2.76 மடங்கு என்று நேரடியாகவே கணக்கிடலாம். சராசரி இடைவெளியை 8 அலகாக வைத்தால், ஒரு படி அடுத்த படியை முட்டும் அளவுக்கு அலைவதற்கு நீளத்திசையில் 8-இன் வர்க்கத்தை 2.76-ஆல் பெருக்கிய தொலைவு, அதாவது ஏறக்குறைய 180 அலகு, தேவை. எனவே படியின் நீளம் 500 அல்லது 600 அலகாவது இருக்க வேண்டும். புதியவர்கள் 50 அலகு நீளத்தில் ஓட்டிவிட்டு, படிகள் விறைத்து நிற்பதைக் கண்டு வலுவான விலக்கம் என்று முடிவுகட்டுவது இந்தத் தொலைவைக் கணக்கில் கொள்ளாததால்தான். தொடக்கத்தின் சில ஆயிரம் சுற்றுகளைத் தள்ளிவிட வேண்டும். அது போதுமா என்பதைத் தள அகலங்களின் பரவல் நிலைபெற்றதா என்று பார்த்து உறுதிசெய்யுங்கள். பைத்தானில் வெறுமனே எழுதினால் மெதுவாக ஓடும். உள்வட்டத்தை நம்பா போன்ற தொகுப்பியால் விரைவுபடுத்தலாம். மின்வெட்டு அட்டவணைக்கு நடுவே கணினியை ஓட்டிப் பழகிய நம்மவர்க்குச் சொல்லத் தேவையில்லை எனினும், ஆயிரம் சுற்றுக்கு ஒருமுறை படிகளின் நிலையையும் சமவாய்ப்பு எண்ணாக்கியின் நிலையையும் கோப்பில் சேமித்துவிடுங்கள்.

முதல் ஓட்டத்தில் மீட்சி வலிமையைச் சுழியாக வையுங்கள். தள அகலங்களைச் சராசரியால் வகுத்து, அவற்றின் விலக்க வர்க்கச் சராசரியை, அதாவது அவை சராசரியிலிருந்து விலகும் அளவுகளுடைய வர்க்கத்தின் சராசரியை, கணக்கிட்டால் அது 0.18-ஐ ஒட்டி வர வேண்டும். அடுத்து வலிமையை, கட்ட அலகில், வெப்ப ஆற்றலின் 0.72 மடங்காக வையுங்கள், 0.105-ஐ ஒட்டி வர வேண்டும். கட்டத்தின் துகள்தன்மையால் சிறு வேறுபாடு இருக்கும். பெரிய வேறுபாடு இருந்தால் நிரலில் பிழை. இந்த இரண்டு எண்களும் எங்கிருந்து வருகின்றன என்பதுதான் அடுத்த கட்டம்.

மூன்றாம் கட்டம்: அகலங்களின் பரவலைப் படித்தல்

அணுக்கருவின் ஆற்றல் மட்டங்களுக்கு இடையிலான இடைவெளிகளுக்காக விக்னர் முன்வைத்த ஊகம் ஒன்று உண்டு. ஒன்றையொன்று கடக்காத படிகளும் அதே கணித அமைப்புக்குள் அடங்குகின்றன என்பதால், அந்த ஊகத்தைப் பொதுமைப்படுத்தித் தள அகலங்களுக்குப் பயன்படுத்தலாம் என்று மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தின் ஐன்ஸ்டைனும் (பெயர் ஒற்றுமைதான்) பியர்-லூயியும் 1999-இல் காட்டினர். சராசரியால் வகுத்த அகலம் ஒன்றின் நிகழ்தகவு, அந்த அகலத்தை ஓர் அடுக்குக்கு உயர்த்தி, அகலத்தின் வர்க்கத்தில் அடுக்குக்குறியாகத் தேயும் காரணியால் பெருக்கிய வடிவம் கொண்டது. அந்த அடுக்கை ரோ என்பார்கள். நமக்குத் தேவையான செய்தி முழுவதும் ரோவில் அடங்கியிருக்கிறது.

இடைவினை வலிமையை விறைப்பால் பெருக்கி, வெப்ப ஆற்றலின் வர்க்கத்தால் வகுத்தால் அலகற்ற வலிமை கிடைக்கும். அது, ரோவை ரோவிலிருந்து இரண்டு கழித்த எண்ணால் பெருக்கி நான்கால் வகுத்ததற்குச் சமம். ரோ 2 என்றால் அலகற்ற வலிமை சுழி: வெறும் என்ட்ரோப்பி, விலக்க வர்க்கச் சராசரி 0.178. ரோ 4 என்றால் வலிமை 2. விலக்க வர்க்கச் சராசரி 0.104. ரோ 6 என்றால் வலிமை 6. விலக்க வர்க்கச் சராசரி 0.074. கவனியுங்கள்: மீட்சியையும் என்ட்ரோப்பியையும் தனித்தனியே கணக்கிட்டுக் கூட்டுவதாக இங்கே எதுவும் இல்லை. மீட்சி விசை படிகளை விலக்கி வைக்கும்போது அவை முட்டிக்கொள்வதும் குறைகிறது. ஒன்று வலுத்தால் மற்றதன் பங்கு சுருங்குகிறது. இரண்டையும் எளிமையாகக் கூட்டிவிடும் கணக்கு தவறானது.

நான்காம் கட்டம்: மாதிரியும் படமும்

சிலிக்கான் (111) பரப்பே இத்துறையின் பாடப்புத்தகப் பரப்பு; அடைப்புக்குறிக்குள் உள்ள எண்கள் படிகத்தை எந்த அணுத் தளத்துக்கு இணையாக வெட்டியது என்பதைக் குறிப்பவை. சராசரி இடைவெளி, படியின் உயரத்தைச் சாய்வுக் கோணத்தின் டேன் மதிப்பால் வகுத்தது. 1 பாகைக்கு 18 நானோமீட்டர் வரும். இதற்கு உயர்வெற்றிடமும், அணுக்களைக் காட்டும் எஸ்டிஎம் (வருடு ஊடுருவு நுண்ணோக்கி) கருவியும் தேவை. அவை கைக்கெட்டாதவர்கள் நீலக்கல் தகட்டில் தொடங்கலாம். அதன் (0001) பரப்பை ஏறத்தாழ 1000 முதல் 1200 பாகை செல்சியஸ் வரை காற்றிலேயே சூடாக்கினால், 0.22 நானோமீட்டர் உயரமுள்ள படிகள் தெளிவாக அமைகின்றன, 0.1 பாகைச் சாய்வில் அவற்றின் இடைவெளி ஏறத்தாழ 124 நானோமீட்டர், ஏஎஃப்எம் (அணுவிசை நுண்ணோக்கி) கருவியில் எளிதாகத் தெரியும். டர்பனின் கடற்காற்றில் பரப்பின்மேல் நீர்ப்படலம் விரைவில் படியும் என்பதால், உலையிலிருந்து எடுத்ததும் மூடிய பெட்டியில் வைத்து, தாமதமின்றிப் படமெடுப்பது நல்லது. ஆனால் நீலக்கல்லில் பல படிகள் சேர்ந்து கற்றையாவதும் உண்டு. எனவே அதில் அகலங்களை அளந்து பழகலாம், கிடைக்கும் வலிமையை வெளியீட்டுக்கு உரிய எண்ணாகக் கருதக்கூடாது.

சிலிக்கானைச் சூடாக்குவதில் ஒரு பொறி இருக்கிறது. தகட்டின் ஊடே நேர்மின்னோட்டம் செலுத்திச் சூடாக்குவது வழக்கம். அந்த மின்னோட்டம் பரப்பிலுள்ள அணுக்களை ஒரு பக்கமாக நகர்த்துகிறது. சில வெப்பநிலைகளில், மின்னோட்டம் படியேறும் திசையிலா இறங்கும் திசையிலா என்பதைப் பொறுத்துப் படிகள் கற்றையாகின்றன அல்லது சீராகப் பரவுகின்றன. லாட்டிஷெவ் குழுவினர் 1989-இல் இதை மின்னணு நுண்ணோக்கியில் காட்டினர். இதை அறியாமல் அளந்தால் மின்னோட்டத்தின் விளைவை மீட்சியின் கணக்கில் எழுதிவிடுவோம். மேலும், 860 பாகையை ஒட்டிக் குளிரும்போது பரப்பின் அணு ஒழுங்கு மாறுகிறது. புதிய ஒழுங்கு படிகளின் மேல்விளிம்பிலிருந்து தொடங்குவதால், படிகளின் வடிவமும் அதோடு மாறுகிறது. அறை வெப்பநிலையில் எடுத்த படம் எந்த வெப்பநிலையின் பரவலைக் காட்டுகிறது என்ற கேள்விக்கு விடை இல்லாமல் மேலே செல்லாதீர்கள்.

ஐந்தாம் கட்டம்: எண்ணுதல்

அகலத்தைப் படிகளுக்குச் செங்குத்தான திசையில் அளக்க வேண்டும். கருவி வருடும் திசையில் அளந்துவிட்டால் கோசைன் திருத்தம் தேவை. ஒவ்வொரு படத்துக்கும் அதன் சொந்தச் சராசரியால் வகுக்க வேண்டும். தகட்டின் ஒரு மூலைக்கும் மற்றொரு மூலைக்கும் சாய்வு சற்று மாறும். எல்லாப் படங்களையும் ஒரே சராசரியால் வகுத்தால் பரவல் பொய்யாக அகன்று, வலிமை குறைந்து தோன்றும்.

அடுத்தடுத்த வருடுகோடுகள் தனித்தனி அளவீடுகள் ஆகமாட்டா. ஒரு படத்தில் 512 கோடுகள் இருப்பதால் 512 மடங்கு தரவு இருப்பதாக எண்ணுவது, நான் படித்த முதல்நிலை அறிக்கைகளில் மிகுதியாகக் காணும் குறை. முன்பு கணினியில் கண்ட முட்டும் தொலைவை இங்கும் மதிப்பிட்டு, அந்த அளவு விலகிய கோடுகளை மட்டுமே தனி அளவீடாகக் கொள்ளுங்கள். தனித்த அகலங்கள் 200 இருந்தால் விலக்க வர்க்கச் சராசரியில் ஏறத்தாழ 10 விழுக்காடு பிழை இருக்கும். அது சிறிதாகத் தோன்றலாம். ஆனால் ரோ 4-ஐ ஒட்டியிருக்கையில் அந்தப் 10 விழுக்காடு, அலகற்ற வலிமையில் மூன்றில் ஒரு பங்குப் பிழையாகப் பெருகிவிடுகிறது. 2 என்று எழுத வேண்டிய இடத்தில் 1.3 முதல் 2.7 வரை என்று எழுத வேண்டியிருக்கும். பாதிப் பிழைக்கு நான்கு மடங்கு தரவு வேண்டும்.

விறைப்பைத் தனியே அளக்க வேண்டும். ஒரே படியின்மீது நீளத்திசையில் குறிப்பிட்ட தொலைவு விலகிய இரு புள்ளிகளை எடுத்து, அவற்றின் பக்கவாட்டு விலகலின் வர்க்கச் சராசரியைக் கணக்கிடுங்கள். முட்டும் தொலைவைவிட மிகச் சிறிய தொலைவுகளில் அது தொலைவுக்கு நேர்விகிதத்தில் வளரும். அந்தச் சாய்வு வீதம் வெப்ப ஆற்றலை விறைப்பால் வகுத்ததற்குச் சமம். இதிலிருந்து விறைப்பையும், விறைப்பிலிருந்து மெய்யான அலகில் இடைவினை வலிமையையும் பெறலாம். இங்கே போடவேண்டிய வெப்பநிலை, படிகள் கடைசியாக அலைந்துகொண்டிருந்த வெப்பநிலை. 900 பாகை செல்சியஸில் வெப்ப ஆற்றல் 0.101 எலக்ட்ரான் வோல்ட்.

ஆறாம் கட்டம்: எண்ணைச் சோதித்தல்

கிடைத்த எண்ணை மீட்சி வலிமை என்று அழைப்பதற்கு முன் இரண்டு சோதனைகள் உண்டு. முதலாவது, வெவ்வேறு சாய்வுள்ள தகடுகளில், எடுத்துக்காட்டாக அரைப் பாகை, 1 பாகை, 2 பாகையில், அளவீட்டைத் திரும்பச் செய்வது. இடைவினை தொலைவின் வர்க்கத்துக்கு எதிர்விகிதமாகவே தேய்கிறது என்றால், சராசரியால் வகுத்த பரவல்கள் மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் வேறு ஏதோ கலந்திருக்கிறது. செம்பு, வெள்ளி, பொன் ஆகியவற்றின் (111) பரப்புகளில் பரப்போடு ஒட்டிய எலக்ட்ரான்கள், தொலைவுக்கேற்பத் தள்ளலும் இழுப்பும் மாறிமாறி வரும் இடைவினையைத் தரவல்லவை; அங்கே ஒரே ஒரு ரோவால் எல்லாவற்றையும் விளக்க முயல்வது வீண். ரோ 2-க்குக் கீழே இறங்கினால் இழுவிசையோ, சமநிலை எட்டாத மாதிரியோ, கலந்துபோன சராசரிகளோ காரணமாக இருக்கலாம். இவற்றுள் கடைசியையே முதலில் சந்தேகியுங்கள்.

படலம் திரிபுற்றிருந்தால் நிலைமை அடியோடு மாறுகிறது. வான் டெர் மெர்வே ஆராய்ந்தது போன்ற, அடித்தளத்தோடு அணு இடைவெளி பொருந்தாத படலத்தில், ஒவ்வொரு படியிலும் படலத்தின் உட்தகைவைப் படி உயரத்தால் பெருக்கிய நிகர விசை நிற்கிறது. இருமுனை ஒருமுனை ஆகிவிடுகிறது. அப்போது ஒரே திசையில் இறங்கும் படிகள், தொலைவின் மடக்கைக்கேற்ப ஒன்றையொன்று இழுக்கின்றன. குறுகிய தொலைவில் இருமுனைத் தள்ளலும் நெடுந்தொலைவில் ஒருமுனை இழுப்பும் போட்டியிட, படிகள் கற்றையாகச் சேர்கின்றன. இதனை டெர்சாஃப் உள்ளிட்டோர் 1995-இல் காட்டினர். அத்தகைய மாதிரியில் மேலே சொன்ன பரவல் முறையைப் பயன்படுத்தக்கூடாது. கற்றையின் அகலமும் அது வளரும் வேகமும்தான் அங்கே அளக்கவேண்டியவை.

இரண்டாவது சோதனை வெப்பநிலை. வெப்பநிலையை 50 பாகை மாற்றினால் விறைப்பு மாறும், வெப்ப ஆற்றல் மாறும், ஆகவே ரோவும் மாறும். ஆனால் யங் குணகமும் பரப்புத் தகைவும் அந்த இடைவெளியில் சிறிதளவே மாறுவதால், இறுதியில் எலக்ட்ரான் வோல்ட்-ஆங்ஸ்ட்ராமில் கிடைக்கும் வலிமை பிழை எல்லைக்குள் அதே எண்ணாக இருக்க வேண்டும். இரு வெப்பநிலைகளில் இரு வேறு வலிமைகள் வந்தால், பெரும்பாலும் விறைப்பின் அளவீட்டில்தான் குறை இருக்கும். முட்டும் தொலைவுக்கு மிக அருகில் உள்ள புள்ளிகளைச் சேர்த்துக்கொண்டீர்களா என்று பார்த்து, அவற்றை நீக்கிவிட்டு மீண்டும் கணக்கிடுங்கள்.